அறுபத்து நான்கு, அறுபத்தைந்து

விளக்கு ஒன்றுதான். மற்றதெல்லாம் இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே டுலூத்தில் பனி கொட்டுவது
எங்கள் அறைக்குத் தெரியக் கூடாது;
பனி வெளிச்சம் வெள்ளியைப் புகழ்ந்துவிடும்.

மதியத்துக்குள் முந்நூறு காசுகள்.
ஒன்றுக்கு அரை நிமிடம், சிலவற்றுக்கு அதுவும் இல்லை.
விளிம்பைப் பிடி, சாய்,
ஒளி வண்டிச் சக்கரமாய் உருள்கிறதா பார்,
எண்ணைத் தட்டு, அடுத்தது.

மார்ச்சில் அவள் வந்தாள்:
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு,
நியூ ஆர்லியன்ஸ் அச்சு, ஒரு டாலர்.
காதுக்கு மேலே கூந்தல் தட்டை,
அடித்தவன் தூக்கக் கலக்கத்தில் அடித்ததுபோல.
கன்னத்தில் ஒரு கீறல், வெட்டிய நகத்துணுக்கு அளவு.
மூட்டைக்குள் ஆயிரம் சகோதரிகளோடு
ரயிலேறிய காலத்தில் எவளோ இடித்திருப்பாள்.

அறுபத்து நான்கு என்றேன்.
அடுத்த மேசை ஆரின் வெஸ்டல், அறுபத்து நான்கு.
ரூட்டா கால்னின்ஷ் மட்டும் அறுபத்தைந்து.
ஒருத்தி சொல் அம்பலம் ஏறவில்லை.

அக்டோபரில் மறுபடி வந்தாள், வெறும் உடம்பாக.
நாங்கள் அடைத்த பிளாஸ்டிக்கை
யாரோ இடுக்கியால் உடைத்திருந்தார்கள்.
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
முகம் மறக்காதவள் என்று
என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதுண்டு.
அன்று கண்ணுக்குப் புதுக் கண்ணாடி.
அவளுக்கு முன்னால் வந்த காசு
அம்மைத் தழும்பு முகம்;
அதன் பக்கத்தில் யாரும் ராணிதான்.
மதியச் சூப்பும் நன்றாக இருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

அறுபத்தைந்து என்றேன்.
ஆரின், அறுபத்தைந்து.
ரூட்டா, அறுபத்து நான்கு.

அந்த ஒற்றை எண்ணுக்கு ஏலத்தில்
மூவாயிரத்துத் தொள்ளாயிரம் டாலர் கூடுதல்.
எடை அதே. தேதி அதே.
கீறல் ஒரு மயிரிழைகூட ஆறவில்லை.
இந்த எண்களே ஆதியில் விலையாய்ப் பிறந்தவை,
எழுபது என்றால் எழுபது மடங்கு, என்பார் ஆரின்.
பிறகு விலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.
கயிறு எங்கள் கையில்.

செயிண்ட் பால் கண்காட்சியில், வசந்தத்தில்,
டெல்ஃபின் கடாட் என் மேசைக்கு வந்தாள்.
சுப்பீரியரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
வீட்டுச் சூடேற்றி செத்த குளிர்காலத்தில்
அறுபத்து நான்கு விலைக்கு
கில்பர்ட் தோர்சனிடம் விற்றவள்.
ஏலப் புத்தகத்தைத் திறந்து
படத்தின் கன்னத்தில் விரலை வைத்தாள்.
"இதே கீறல்தானே.
இடையில் ஏழு மாதம் இது என்ன செய்தது?"

ஒன்றும் செய்யவில்லை, டெல்ஃபின்.
மேஜை இழுப்பறையில் படுத்திருந்தது.
இதைச் சொல்லவில்லை நான்.
மூன்று பேரின் கருத்து, என்றேன்,
எங்கள் பின்பக்க அச்சு அப்படித்தான் சொல்லும்.
அவள் கேட்டது நாணயத்தைப் பற்றி.
எந்த நாணயம் என்று அவள் விளக்கவில்லை.

பையிலிருந்து இன்னொரு டாலரை எடுத்து வைத்தாள்.
"இதற்கு எவ்வளவு சொல்வீர்கள்?"
சாய்த்தேன். தலைக்கு மேலே டியூப் லைட்.
இந்த வெளிச்சத்தில் சொல்ல முடியாது என்றேன்.
அது உண்மை.
அவள் சிரித்த விதத்தில் அது பொய்யாகிவிட்டது.

இரவு எங்கள் பேரேட்டைத் திறந்தேன்.
உடைத்த பெட்டியின் சீட்டைத்
தோர்சன் திருப்பி அனுப்பியிருக்கவில்லை.
ஆகவே எங்கள் கணக்கில் இன்றும் இருவர்.
அறுபத்தைந்தாய் ஒருத்தி,
டல்லாஸில் யாருடைய பெட்டகத்திலோ.
அறுபத்து நான்காய் ஒருத்தி,
எண் உண்டு, பார்கோடு உண்டு,
எந்த ஊரிலும் இல்லை.

டெல்ஃபின் கடாட் விற்றது அவளைத்தான்.